ஆஸ்துமாவும் அறுவை சிகிச்சையும்: எந்த மயக்கம் நல்லது?

கடுமையான ஆஸ்துமா உள்ளவருக்கு அறுவை சிகிச்சை என்றதும் வீட்டார் முதலில் கேட்பது, "முழு மயக்கமா, முதுகில் ஊசியா?" என்பதுதான். முதுகில் ஊசி என்றால் ஆபத்தில்லை என்று பலரும் நம்புகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. முழு மயக்கத்தில் பெரும்பாலும் தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் சுவர் ஏற்கெனவே வீங்கியிருக்கும். சிறு சீண்டலுக்கும் சுருங்கிவிடும். அப்படி இறுகிவிட்டால் காற்று உள்ளே போவதும் சிரமம், வெளியேறுவது அதைவிடச் சிரமம். காலிலோ அடிவயிற்றிலோ அறுவை என்றால் முதுகு ஊசி இந்தச் சீண்டலையே தவிர்த்துவிடுகிறது.

ஆனால் இதை எல்லோருக்கும் விதியாக்க முடியாது. முதுகு ஊசி தரும் மரப்பு நெஞ்சுவரை ஏறினால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்து, இருமிச் சளியை வெளியேற்றும் வலு குறையும். விழித்திருப்பவரின் பதற்றமே இளைப்பைக் கிளப்பிவிடலாம். மட்டமாகப் படுத்தாலே மூச்சு வாங்குபவருக்கு முதுகு ஊசி போட்டுப் பயனில்லை. முழு மயக்கமும் பழையபடி இல்லை. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், தயோபென்டோன் வகை மயக்க மருந்து பெற்ற ஆஸ்துமா நோயாளிகளில் 45 சதவீதம் பேருக்குக் குழாய் செலுத்தியபின் வீசிங் (இளைப்பு) வந்தது. புரோபோஃபால் பெற்ற ஒருவருக்கும் வரவில்லை. கீட்டமினும் செவோஃப்ளுரேனும் மூச்சுக்குழாயைத் தளர்த்துபவை, டெஸ்ஃப்ளுரேனோ எரிச்சலூட்டக்கூடியது. ஆக, முழு மயக்கமா இல்லையா என்பதைவிட, எந்த மருந்தால் எப்படி மயக்குகிறார்கள் என்பதே முக்கியம்.

அதைவிட முக்கியம், அன்றைக்கு நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது. வீசிங் அடங்காதவருக்கு எந்த மயக்கமும் ஆபத்துதான். அதனால்தான் அவசரமில்லாத அறுவையைச் சளி, காய்ச்சல் வந்தபின் சில வாரங்கள் தள்ளிவைக்கிறார்கள். தேவைப்பட்டால் முன்கூட்டியே சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாதே என்று அஞ்சுவோர் உண்டு. நீண்டகாலம் உட்கொள்வோருக்கு அந்த அச்சம் பொருந்தும். சில நாள் மாத்திரையால் அப்படி நேர்வது அரிது. ஆனால் சர்க்கரை ஏறலாம் என்பதால் அதைக் கவனிக்க வேண்டும். விபத்து, குடல் வெடிப்பு என்றால் காத்திருக்க நேரமேது என்று கேட்கலாம். உண்மைதான். அப்போதும் நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி ஆகியவற்றைத் தந்து, கிடைக்கும் நேரத்துக்குள் மூச்சைச் சீராக்கவே மருத்துவர் முயல்வார்.

எந்த மயக்கம் என்பதை மயக்கவியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். நோயாளி செய்ய வேண்டியது வேறு: புகையை நிறுத்துங்கள், அறுவை நாள் காலையிலும் இன்ஹேலரை விடாதீர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ எப்போதாவது இளைப்பைக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.