லக்கலவிலிருந்து பல்கலைக் கழகத்துக்கு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்தது லக்கல. அங்குள்ள மாணவி ஒருத்தி கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்று பாடங்களிலும் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, பல்கலைக் கழகத்தில் முகாமைத்துவம் பயில விழைகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். இடம் கிடைக்குமா? பெறுபேற்றிற் காணும் ஏ, பி என்னும் எழுத்துகளை எண்ணி அயலார் விடை கூறுவர். அவ்விடை பெரும்பாலும் பிழைபடும். சித்தி என்பது விண்ணப்பிக்கும் உரிமையை மட்டுமே தருகிறது. இடத்தைத் தருவது இசட் புள்ளி.

2001ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இம்முறையில், மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரி கழிக்கப்பட்டு, எஞ்சியது நியம விலகலால் வகுக்கப்படும். ஒரு பாடத்தின் சராசரி 50, நியம விலகல் 15 எனின், 68 பெற்றவருக்கு 1.2 கிடைக்கும். சராசரி 40, விலகல் 10 ஆகவுள்ள கடினமான பாடத்திலோ, 58 பெற்றவருக்கே 1.8 கிடைத்துவிடும். மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. ஆதலால் பாடத்தின் கடினமும் உடன் எழுதியோரின் திறமும் சேர்ந்தே ஒருவரின் நிலையை வகுக்கின்றன.

இனி, இடங்கள் பங்கிடப்படும் விதம். முகாமைத்துவம் போன்ற துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படும். 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் குடித்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். எஞ்சிய 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவையாகக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. 1974இல் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு, அதற்குச் சற்று முன் வந்த மொழிவாரித் தரப்படுத்தலோடு சேர்ந்து, தமிழ் மாணவரிடையே ஆறாத மனக்குறையை விளைத்தமை யாவரும் அறிந்ததே. எனினும் பின்தங்கிய ஊர்களுக்கு அது ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

லக்கலவின் சிக்கல் இங்கேதான் உள்ளது. அண்டையிலுள்ள பொலனறுவையும் அனுராதபுரமும் அந்தப் பதினாறனுள் அடங்கும், மாத்தளை அடங்காது. பின்தங்கிய நிலையை அளக்கும் அலகு மாவட்டமேயன்றி ஊரன்று. ஆகவே லக்கல மாணவி மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைகளின் மாணவருடனேயே போட்டியிட வேண்டும். மலையடிவாரத்தின் வசதிக் குறைவு எவ்வளவாயினும், கணக்கில் அதற்கென ஓர் இலக்கமும் இல்லை. நியாயத்தின் பெயரால் வகுக்கப்பட்ட முறையில் இஃது ஒரு பெருங்குறையே.

வாய்ப்பை அறிய விரும்புவோர், பல்கலைக் கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் வெட்டுப்புள்ளிப் பட்டியலில் மாத்தளை மாவட்டத்துக்குரிய நிரலைப் பார்த்தல் வேண்டும். ஒரே ஆண்டைப் பார்த்துத் துணிதல் தகாது; எல்லைப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். மூன்று நான்கு ஆண்டுகளின் எல்லைகளையும் தெளிவாக மிஞ்சிய புள்ளி உறுதி தரும். அவற்றினிடையே விழும் புள்ளி ஐயத்துக்குரியது. ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், 2021இல் தனிப் பல்கலைக் கழகமான வவுனியா என ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு. விருப்ப வரிசையில் முதலில் எழுதியது கிட்டாவிடின் அடுத்தது கருதப்படும்; எனவே பெரிதும் விரும்பியதை அஞ்சிப் பின்னே தள்ள வேண்டியதில்லை. எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்போருக்கு, வராதோரின் வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படும்போது இடம் கிட்டுவதுமுண்டு. அதுவும் வாய்க்காவிடின், பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம். அடுத்த முறையில் எந்தப் பாடம் இசட் புள்ளியைக் கீழே இழுத்தது என்பதைக் கண்டு, அதனையே முதலிற் பற்ற வேண்டும்.