சிவப்புச் சட்டையை வெளிச்சம் தின்னுமா?

வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே சென்று, பிறகு கடற்கரைப் பக்கம் திரும்பினால் புனித ஜார்ஜ் கோட்டையை அடையலாம். 19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் ஆங்கிலேயரின் படைமுகாம் இருந்தது. சிவப்புச் சட்டைச் சிப்பாய்களுக்கும் இது பழகிய வழியாகவே இருந்திருக்கும். பழைய இராணுவச் சீருடைகளையும் பதக்கங்களையும் ஆயுதங்களையும் இன்று கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் 1948 முதல் அது இயங்கி வருகிறது.

பழந்துணிகள் உள்ள கூடத்தில் விளக்கு மங்கலாகவே எரிய வேண்டும் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் மேற்கொள்ளும் விதி. ஏன் தெரியுமா?

பூச்சி தந்த நிறம்

சாதாரணச் சிப்பாயின் சட்டைக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சாயம் ஏற்றினார்கள். அதிகாரியின் சட்டைக்கோ கொச்சினீல் என்னும் சாயம். மெக்சிகோ நாட்டில் சப்பாத்திக் கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சி அது. பெண் பூச்சிகளை உலர்த்திப் பொடித்தால் சாயம் கிடைக்கும். ஒரு கிலோ சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 1½ லட்சம் பூச்சிகள் வேண்டும்! வெள்ளீய உப்பு சேர்த்தால் அது கம்பளி நூலில் பளிச்சென்ற சிவப்பாகப் பதியும்.

இந்த வாணிபம் ஸ்பெயின் நாட்டவர் கையில் இருந்தது. இங்கேயே பூச்சி வளர்த்தால் என்ன என்று எண்ணினார், சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன். 1780களின் பிற்பகுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சியும் வந்தது. ஆனால் அது மட்டமான வேறோர் இனம். நல்ல சாயம் தரவில்லை, கள்ளியைத்தான் அழித்தது! பின்னர் 1836–38இல் தென்னிந்தியாவில் களையாகப் பரவிய கள்ளியை ஒழிக்க அதே பூச்சியைப் பயன்படுத்தினார்கள்.

ஒளியின் கணக்கு

இத்தனை பாடுபட்டுப் பெற்ற நிறத்தை வெளிச்சம் சிறிது சிறிதாக அழிக்கிறது. சாய மூலக்கூறு ஒளியாற்றலை உறிஞ்சும்போது அதன் பிணைப்புகள் முறிகின்றன. ஒளியின் அளவு, நேரம் இரண்டையும் பெருக்கினால் சேதத்தை மதிப்பிடலாம்.

துணிகளுக்கு ஏற்ற ஒளி 50 லக்ஸ். உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதாவது, ஒரு மணி நேர வெயில் 2,000 மணி நேர மங்கிய ஒளிக்குச் சமம். நாளுக்கு 8 மணி நேரம் விளக்கு எரிந்தால் 250 நாட்கள்! புற ஊதாக் கதிர்களின் தீங்கை இதில் சேர்க்கவில்லை.

எதிரி ஒளி மட்டுமல்ல. கம்பளி என்பது கெரட்டின் என்னும் புரதம். அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு அது உணவு. ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் சரிகையின் வெள்ளி கறுத்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

சிவப்பு வண்ணத்தாள் ஒன்றின் பாதியை அட்டையால் மூடி வெயில் படும் சன்னலில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அட்டையை எடுத்தால் இரு பாதிகளும் வேறுபட்டிருக்கக் காண்பீர்கள்.

அருங்காட்சியகத்தில் கூடம் மங்கலாக இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். கண்கள் பழகச் சில நிமிடம் பொறுங்கள். கிழிந்த துணியைத் தைக்கலாம். வெளுத்துப்போன பழைய சாயத்தை மீட்க முடியாது. உங்களுக்குப் பின் வரும் மாணவர்களும் அந்தச் சிவப்பைக் காண வேண்டுமல்லவா?