முதலில் பல்லை எண்ணுங்கள்

வீட்டுப் பட்டறைக்கு பேண்ட்சா வாங்குகிறவர்கள் மெஷினைப் பத்து இடத்தில் விசாரிப்பார்கள்; பிளேடை மட்டும் நீளம் சொல்லி, விலை கேட்டு வாங்கிவிடுவார்கள். ஆனால் வெட்டு நேராக விழுவதும் கோணிப் போவதும், பிளேடு பல மாதம் உழைப்பதும் முதல் நாளே பல் உதிர்வதும் பெரும்பாலும் ஓர் எண்ணைப் பொறுத்தவை: ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல். அறுபடும் இரும்பின் கனம்தான் அந்த எண்ணைத் தீர்மானிக்க வேண்டும்.

விதி எளியது. அறுக்கும்போது குறைந்தது 3 பற்கள் உலோகத்துக்குள் இருக்க வேண்டும். 6 முதல் 12 வரை இருந்தால் நல்லது. 24-ஐத் தாண்டக் கூடாது. 50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள ஒரு பட்டையை, அங்குலத்துக்கு 6 பல் உள்ள பிளேடால் அறுப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டையைப் படுக்க வைத்தால் சுமார் 12 பற்கள் வேலை செய்யும். வெட்டு சுகமாக இறங்கும். அதே பட்டையை நிறுத்தி வைத்தால் ஒன்றிரண்டு பற்கள்தான் உள்ளே இருக்கும். இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் பட்டையின் விளிம்பு விழும். அடுத்து வரும் பல் அதில் மோதி முறியும். ஆகவே பிளேடு எந்தக் கனத்தைச் சந்திக்கிறது என்பதே கணக்கு. ஆங்கிளைக் கவிழ்த்து, முனை மேலே இருக்கும்படி பிடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் நெருக்கமான பல்லே எப்போதும் பாதுகாப்பு என்று தோன்றலாம். மெல்லிய குழாய்க்கு அது உண்மை. கனத்த ராடுக்கு நேர்மாறு. 40 மி.மீ. ராடில் 24 பல் பிளேடை இறக்கினால் ஏறக்குறைய 38 பற்கள் ஒரே அழுத்தத்தைப் பங்கு போடும். எந்தப் பல்லும் கடிக்காமல் தேய்க்கும். சிறு பள்ளங்களில் சீவல் அடைத்துக்கொள்ளும். சூடேறும், வெட்டு விலகும். எஸ்.எஸ். என்றால் தேய்ந்த இடம் மேலும் கடினமாகிவிடும். சீவல் பொடியாக உதிர்ந்தால் பல் கடிக்கவில்லை என்று பொருள். சுருண்டு விழுந்தால் எல்லாம் சரி.

10/14 என மாறிமாறிப் பல் வைத்த பிளேடு ஒன்றே போதாதா? 6 முதல் 25 மி.மீ. கனம் வரை அது நன்றாகவே உழைக்கும். மெல்லிய குழாய்க்கு 24 பல் பிளேடு தனியாக வேண்டும். மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

பைமெட்டல் பிளேடின் விலை கூடுதல்தான். ஆனால் சாதாரண கார்பன் ஸ்டீல் பல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மெல்ல மெல்ல இளகும். பைமெட்டலின் ஹை ஸ்பீடு ஸ்டீல் பல் ஏறக்குறைய 600 டிகிரி வரை தாங்கும். இரும்பு அறுப்பவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது. ஆனாலும் பல் எண்ணிக்கை தவறினால் எவ்வளவு விலை உயர்ந்த பல்லும் முறியும். கடைக்குப் போகுமுன் உங்கள் பட்டறையில் அதிகம் அறுபடும் இரும்பின் கனத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம்.