வெண்பாறையைத் தேடி

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிக்குத் தலைநகரம் யெல்லோநைஃப். கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில் அஃது அமைந்துள்ளது. நகரைக் கடந்தால் பாறையும் ஏரியும் ஊசியிலை மரங்களுமே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தெரியும். சாலைகள் மிகச் சிலவே. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 40 பாகை வரை இறங்குவதுண்டு. அத்தகைய நிலத்தில்தான் புவியியலாளர்கள் வெண்ணிறப் பாறைப் பட்டைகளைத் தேடி அலைகின்றனர். கைப்பேசி மின்கலத்திற்கு வேண்டிய லித்தியம் அவற்றுள் உறைந்துள்ளது.

அப்பாறையின் பெயர் பெக்மடைட். பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு குளிர்ந்து கிரானைட்டாக இறுகும்போது லித்தியம், சீசியம், டான்டலம் போன்ற தனிமங்களுக்கு அப்படிகங்களில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. அவை எஞ்சிய குழம்பிலேயே தங்கிச் செறிகின்றன. நீர் மிகுந்த அக்குழம்பு அருகிலுள்ள பாறைப் பிளவுகளில் புகுந்து இறுகும். அதில் படிகங்கள் வியப்பூட்டும் அளவிற்கு வளரும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கிடைத்த, லித்தியம் தாங்கிய ஸ்போடுமீன் படிகம் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். தென்னை மரத்தைக் கிடத்தியது போன்ற கல்! நம் நாட்டிலும் கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் இவ்வகைப் பாறையில் லித்தியம் கண்டறியப்பட்டுள்ளது.

பனியுகத்தில் பனியாறுகள் மேல்மண்ணைச் சுரண்டிச் சென்றமையால் யெல்லோநைஃப் பகுதியில் பாறை வெளிப்பட்டுக் கிடக்கிறது. வானூர்தியிலிருந்து நோக்கினால் பெக்மடைட் வெள்ளைக் கோடாகத் தோன்றும். எனினும் வெண்மையை நம்பி ஏமாறலாகாது; பெரும்பாலான பெக்மடைட்டுகளில் பயன்தரும் அளவு லித்தியம் இராது. குவார்ட்சும் தொலைவில் வெண்மையாகவே தெரியும். சுத்தியலால் தட்டினால் குவார்ட்சு கண்ணாடிபோல் ஒழுங்கின்றி உடையும். ஸ்போடுமீனோ தட்டையான முகங்களுடன் நீளவாட்டில் பிளக்கும்.

இங்கு ஒரு விந்தை உண்டு. களத்தில் கையில் ஏந்தும் எக்ஸ்-கதிர்க் கருவி பல தனிமங்களை நொடியில் காட்டிவிடும்; லித்தியத்தைக் காட்டாது. மூன்றே எலக்ட்ரான்கள் கொண்ட அவ்வணு வெளியிடும் கதிர் மிகவும் வலுவற்றது. கருவியை அடையுமுன் அழிந்துவிடும். எனவே ஆய்வாளர் ருபீடியத்தை அளக்கின்றனர். மைக்காவில் பொட்டாசியத்தின் இடத்தை ருபீடியம் மிகுதியாகப் பிடித்திருந்தால், குழம்பு நெடுநேரம் செறிந்து முதிர்ந்தது என்று பொருள். லித்தியம் அருகில் இருக்கக்கூடும். மானைக் காணாமல் குளம்படியைக் கண்டு நடக்கும் வேடனின் வழி இது. பிறகே துளையிடல். ஏரி உறையும் குளிர்காலமே அதற்கு ஏற்றது. பனிக்கட்டியே சாலையாகவும் தளமாகவும் உதவுகிறது. 100 கிலோ பாறையில் ஏறத்தாழ 1 கிலோ லித்தியம் ஆக்சைடு இருந்தாலே அது வெட்டத்தக்கதாகக் கருதப்படும். எஞ்சியது பெரும்பாலும் கழிவே.

அந்நிலம் ஆளில்லாத நிலமன்று. டெனே மக்கள் வழிவழியாகக் கரிபு மான்களை வேட்டையாடி வாழ்ந்த நிலம். பாதர்ஸ்ட் மந்தையில் 1986இல் 4 இலட்சத்திற்கு மேற்பட்ட மான்கள் இருந்தன; 2018இல் ஏறத்தாழ 8,200 மட்டுமே. இதற்குச் சுரங்கம் ஒன்றே காரணம் எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் டெனே மக்களின் அச்சம் வெற்றச்சமன்று. நகரையடுத்த ஜயன்ட் பொற்சுரங்கம் 2004இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற 2,37,000 டன் ஆர்சனிக் நச்சுத்தூள் இன்றும் நிலத்தடி அறைகளில் கிடக்கிறது. அது நீரில் கரையாதிருக்க, சுற்றியுள்ள பாறையையே உறையவைத்துக் காக்கத் திட்டமிட்டுள்ளனர்.