பயணத்துக்கு ஒரு சிறு பை



லண்டனில் எங்களில் பலர் வேலைக்கும் கோவிலுக்கும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரவும் பஸ்ஸிலும் பாதாள ரயிலிலுமே போய்வருகிறோம். பஸ் பாஸை மறக்காத நாங்கள் மருந்தை மறந்துவிடுகிறோம்.

என்னிடம் மருந்தெடுக்கும் அம்மா ஒருவர், காலையில் இன்சுலின் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்று புறப்பட்டார். ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம். பக்கத்திலிருந்தவர் நல்ல மனதோடு கொடுத்ததோ சீனியில்லாத டயட் கோலா! தனக்கு என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல அம்மாவால் முடியவில்லை. ரயில் அடுத்த நிலையத்தை அடைந்தபின் பழச்சாறு கிடைத்ததால் தப்பினார்.

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது மூன்று பொருட்கள் கையோடு இருக்கட்டும்.

1. சீனி
இன்சுலின் அல்லது கிளிக்லசைட் பாவிப்பவர்களுக்கு இது கட்டாயம். (மெற்ஃபோர்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது.) சீனி இறங்கினால் 5 குளுக்கோஸ் குளிசைகளைச் சப்புங்கள், அல்லது 200 மி.லி. பழச்சாறு குடியுங்கள். 10-15 நிமிடத்தில் சரிவராவிட்டால் மறுபடியும் எடுங்கள். தெளிந்ததும் பிஸ்கட் அல்லது பாண் சாப்பிடுங்கள். சொக்கலேட் மெதுவாகவே வேலை செய்யும். லூக்கோசேட் பானத்தில் 2017 இல் சீனி வெகுவாகக் குறைக்கப்பட்டது. பழைய கணக்கில் குடித்தால் போதாது. மயங்கிக் கிடப்பவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. உடனே 999 ஐ அழையுங்கள்.

2. அவசர மருந்து
ஆஸ்துமாவுக்கு நீல நிற இன்ஹேலர். கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி, ஒன்றல்ல, இரண்டு. இருதய நோயாளருக்கு நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்பிரே. நெஞ்சுநோ வந்தால் இருந்துகொண்டு ஸ்பிரேயை அடியுங்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் இரண்டாம் முறை. இன்னும் 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் 999. முன்பு இருதய வருத்தம் இல்லாதவருக்குத் திடீரென நெஞ்சுநோ வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்.

3. ஒரு துண்டுக் கடதாசி
பெயர், பிறந்த திகதி, வருத்தங்கள், மருந்துகளும் அளவுகளும், ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வாபரின், அபிக்ஸபான் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முதல் வரியில் எழுதுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால் வைத்தியர் முதலில் அறியவேண்டியது அதுதான். கைத்தொலைபேசியிலும் இவற்றைப் பதியலாம். ஆனால் பற்றரி இறங்கினாலும் கடதாசி பேசும்.

ரயிலில் உடம்பு சரியில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் அடுத்த நிலையத்தில் இறங்கி, அங்குள்ள ஊழியரிடம் சொல்லுங்கள். இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருப்பதைவிட நிலையத்தில் உதவி விரைவாக வரும்.

ஊரில் இடம்பெயர்ந்த நாட்களில் எங்கள் வீட்டு வாசலடியில் அடையாள அட்டையும் பத்திரங்களும் வைத்த பை ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அந்தப் பயம் இங்கே இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் நல்லது. இன்றைக்கே அம்மா அப்பாவின் கைப்பையை ஒருமுறை திறந்து பாருங்கள்.