ஆணையில் எழுதப்படாத குணம்

கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் செல்வோர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைக் காண்பர். அவற்றின் இறகுகளைப் பிடித்திருக்கும் குடம் பெரும்பாலும் எஸ்.ஜி. இரும்பு வார்ப்படமே. அதற்கு இழுவலிமை மட்டும் போதாது. சிறு விரிசல் இருந்தாலும் திடீரென உடையாமல் அதிர்ச்சியைத் தாங்கவும் வேண்டும்.

குளிரில் இந்தத் திறன் குன்றும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் அசையாது நின்ற ‘ஸ்கெனெக்டடி’ எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்ததற்கு உருக்கின் இக்குறையும் ஒரு காரணம். இன்று ஐரோப்பியத் தரநிலையின் 400-18-எல்.டி. ரகம், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில், சார்ப்பி சோதனையில் சராசரியாக 12 ஜூல் தாங்கவேண்டும். தடிமன் மிகுந்தால் சற்றுக் குறைவு.

மார்கழியிலும் உறையாத நம் ஊரில் ஓடும் பம்புக்கு இதைக் கேட்பது வீண் செலவு. அதன் கூட்டுக்குச் சாம்பல் வார்ப்பிரும்பே போதும். குளிர்நாட்டுக்குப் போகும் குடத்தின் கதை வேறு. ஆணையில் இழுவலிமையை மட்டும் எழுதிக் குறைந்த விலைப்புள்ளியைத் தேர்ந்தால், எழுதப்படாத குணத்துக்கு யாரும் உழைக்கமாட்டார்கள். மிச்சம் வாங்குபவருக்கு, குடம் பிளந்தாலோ இழப்பு கீழே நிற்பவருக்கு. எந்த வெப்பநிலையில் எத்தனை ஜூல் என்பதை வடிவமைப்பாளரே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். கொள்முதல் பிரிவு பேரம் பேசித் தீர்க்கும் விஷயமன்று அது.