ஹெடர் குழாயில் ஸ்பார்க் பிளக் வயர் கருகுதல்

பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தத்தைக் கொண்டு செல்லும் வயர்களோ, அவற்றின் முனையில் பிளக்கை மூடும் ரப்பர் தொப்பிகளோ கழிவுப்புகைக் குழாயின் சூட்டில் வெந்து காப்புத்திறனை இழப்பதை வயர் கருகுதல் என்கிறோம். தொழிற்சாலையில் பொருத்திய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் கிடைக்கும் எஃகுக் குழாய் ஹெடரை மாட்டிய வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. அமெரிக்காவின் ஷெவ்ரொலே ஸ்மால் பிளாக் வி8 எஞ்சின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1955இல் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் வந்து, 1967இல் 350 கன அங்குலமாகவும் வளர்ந்த இந்த எஞ்சினுக்கு ஹெடர் மாட்டுவது அந்நாட்டில் மிகப் பரவலான மாற்றங்களுள் ஒன்று.

காரணம்

இந்த எஞ்சினில் பிளக்குகள் சிலிண்டர் தலையின் வெளிப்பக்கத்தில், கழிவுப்புகைத் துளைகளை ஒட்டியே அமைந்துள்ளன. ஒவ்வொரு துளையிலிருந்தும் புறப்பட்டுக் கீழே வளையும் ஹெடர் குழாய் பிளக்கின் முன்னால் அல்லது பக்கத்தில்தான் இறங்கியாக வேண்டும். நடுவிலுள்ள இரண்டு துளைகள் அடுத்தடுத்து இருப்பதால் அங்கே நெருக்கம் இன்னும் கூடுதல்.

பழைய மேனிஃபோல்டிலும் சூடு உண்டு. ஆனால் அதன் சுவர் தடிமனானது. பிளக்கைவிட்டு விலகும் வடிவில் வார்க்கப்பட்டது. பல மாடல்களில் பிளக்குகளை மறைக்கும் தகட்டுக் கவசங்களும், வயர்களை ஒழுங்காகப் பிடித்து வைக்கும் தாங்கிகளும் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. கண்ணாடியிழை உடல் கொண்ட கார்வெட்டில் வானொலி இரைச்சலைத் தடுப்பதற்கென்றே வயர்களுக்கு உலோக மறைப்பு இருந்தது. ஹெடர் மாட்டும்போது இவற்றில் பெரும்பாலானவை பொருந்தாமல் கழற்றப்பட்டு, மூலையில் போடப்படுகின்றன. புதிய குழாயின் சுவரோ 1.2 முதல் 1.6 மி.மீ. வரைதான். ஆகவே பழுது பெரும்பாலும் வயரின் தரத்தில் இல்லை. வயரைக் காத்து நின்ற ஏற்பாடுகள் போய்விட்டதில் இருக்கிறது.

வயர்களின் மேலுறை இப்போது பெரும்பாலும் சிலிக்கோன் ரப்பர். அது ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும். கடும் சுமையில் ஹெடரின் மேற்பரப்பு 500 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சூடான பரப்பிலிருந்து வீசும் கதிர்வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 300 டிகிரியில் இருக்கும் குழாய் 600 டிகிரிக்கு ஏறினால், கதிர்வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, 5 மடங்குக்கு மேல் ஆகிறது. நகரத்தில் ஓட்டும்போது மாதக்கணக்கில் நன்றாக இருந்த வயர், சுமை இழுத்துக்கொண்டு ஒரு மலை ஏறியதும் கருகிவிடுவதற்கு இதுவே காரணம்.

கருகினால் நேர்வது

பிளக்குக்குப் போகும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். காப்புறை மெலிந்த இடத்தில் அது பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட, பக்கத்திலேயே பூமி இணைப்பாக இருக்கும் ஹெடருக்குத் தாவுவதே எளிது. அந்த சிலிண்டர் எரியாமல் தவறுகிறது. எஞ்சின் உதறும், இழுவை குறையும். எரியாத பெட்ரோல் ஆவியும் காற்றும் ஹெடருக்குள் போய் அங்கே எரிந்தால் சூடு மேலும் ஏறி, அடுத்த வயரையும் பாதிக்கலாம். வினையூக்கி மாற்றி உள்ள வண்டியில் அந்த எரிபொருள் அதற்குள் எரிந்து அதையே உருக்கிவிடக் கூடும். வயர் செட்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவு அது.

கருகிய சிலிக்கோன் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முற்றிலும் எரிந்த இடம் வெள்ளைச் சாம்பல் பூத்ததுபோல் உதிரும். அதற்கு முந்திய நிலையில் ரப்பர் பளபளத்து, விறைத்து, வளைத்தால் வெடிப்பு விடும். ஓம் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. அது உள்ளிருக்கும் கடத்தியைத்தான் அளக்கும். மேலுறை முழுதும் வெந்திருந்தாலும் கடத்தி அறுபடாதவரை அளவு சரியாகவே காட்டும். இரவில் எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின் மேல் நீரைப் புகைபோல் மெல்லத் தெளித்தால் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். அந்நேரம் வயரைக் கையால் தொடுவது ஆபத்து.

தடுக்கும் முறை

வெப்ப உறை வாங்கி மாட்டுவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. அது கடைசியில் செய்ய வேண்டியது. முதல் வேலை, வயருக்கும் குழாய்க்கும் நடுவே காற்று இடைவெளியை உண்டாக்கி, அந்த இடைவெளி நிலைத்திருக்கும்படி வயரைக் கட்டுவது. இரண்டு விரல் அகலம் கிடைத்தால் நிம்மதி. தொப்பி இருக்கும் இடத்தில் அவ்வளவு கிடைக்காது. ஒரு விரலாவது பார்க்க வேண்டும்.

தொப்பியின் கோணமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். நேர்த்தொப்பி, 45, 90, 135 டிகிரி வளைவுள்ள தொப்பி எனப் பல வகை உண்டு. எட்டு பிளக்குகளுக்கும் ஒரே கோணம் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வயரைத் தேவையான நீளத்துக்கு வெட்டி முனை பொருத்திக்கொள்ளும் செட்டுகள் கிடைக்கின்றன. நீளம் மிஞ்சிய வயர் தொங்கி, கடைசியில் குழாயின் மேல்தான் போய் விழும். சிலிண்டர் தலையில் பிளக் நேராக நிற்கும் வகை, சாய்ந்து நிற்கும் வகை என இரண்டு உள்ளன. ஹெடர் எந்த வகைக்காகச் செய்யப்பட்டது என்று வாங்குமுன் கேட்டுவிட வேண்டும். தவறான ஜோடியில் தொப்பி குழாயை முட்டியே நிற்கும். அங்கே எந்த உறையும் நெடுநாள் உதவாது. பீங்கான் பகுதி குட்டையான பிளக்குகளும் உண்டு. சில இடங்களில் அவை தரும் ஒரு செ.மீ. போதுமானதாகிவிடும். ஆனால் மரைநீளம், இருக்கை வகை, வெப்ப எண் மூன்றும் எஞ்சினுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

கட்டுவதற்கு நைலான் டை வேண்டாம். சூட்டில் அது முதலில் இளகும், வயர் பின்னாலேயே விழும். ரப்பர் பட்டை வைத்த உலோகக் கவ்விகளோ, வால்வு மூடியின் போல்ட்டில் மாட்டும் பிரிப்பான்களோ ஏற்றவை. எஞ்சின் அசையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேகமாக முடுக்கும்போது இந்த எஞ்சினின் இடப்பக்கம் மேலே எழும். மவுண்ட் ரப்பர் தளர்ந்திருந்தால் இன்னும் அதிகம். சும்மா ஓடும்போது விலகியிருக்கும் வயர், முடுக்கும்போது சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே நசுங்கக் கூடும்.

இவ்வளவும் செய்த பிறகு உறைகளைப் பற்றி யோசிக்கலாம். கண்ணாடியிழைப் பின்னல் உறை பிளக் தொப்பியின் மேல் ஏறி நிற்கும்படி மாட்டப்பட வேண்டும். முதலில் வேகுவது தொப்பிதான். வால்வு மூடியில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அந்தப் பின்னல் விளக்குத் திரிபோல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே கசிவை முதலில் அடைப்பது நல்லது. வெள்ளிபோல் மின்னும் அலுமினியப் பூச்சு உறை கதிர்வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால் பயன் தருகிறது. குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பயன் இல்லை. குழாய் முட்டும் அளவுக்கு இடமே இல்லாத ஓரிரு பிளக்குகளுக்குப் பீங்கான் தொப்பி உள்ள வயர் நல்ல தீர்வு. விலை கூடுதல், தட்டினால் உடையும்.

ஹெடரின் சூட்டையே குறைப்பதும் ஒரு வழி. பீங்கான் பூச்சு கதிர்வெப்பத்தைக் குறைக்கிறது, துருவையும் தடுக்கிறது. குழாயைச் சுற்றும் வெப்ப நாடா மலிவானது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்து, மெல்லிய சாதா எஃகை அரித்துவிடும். மெதுவாக ஓடும்போதே ஹெடர் சிவக்கிறது என்றால் வயரை விட்டுவிட்டு இக்னிஷன் டைமிங்கைப் பார்க்க வேண்டும். பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் முடியுமுன் கழிவு வால்வு திறந்து, நெருப்பு குழாய்க்குள் வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிட அட்வான்ஸைக் கழற்றி அடைத்துவைப்பது சிலருக்குப் பழக்கம். சாலையில் ஓடும் வண்டியில் அதுவும் குழாயின் சூட்டைக் கூட்டும்.

5ஆம், 7ஆம் வயர்கள்

வயர்களைக் குழாயிலிருந்து விலக்கும் ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டுவது வேறொரு கேட்டுக்கு வழி. இந்த எஞ்சினின் பற்றவைப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் வரிசையிலும் அடுத்தடுத்து, இடத்திலும் அடுத்தடுத்து. இரண்டு வயர்களும் நெடுந்தூரம் ஒட்டி, இணையாக ஓடினால் ஐந்தின் மின்துடிப்பு ஏழின் வயரிலும் தூண்டப்படலாம். அப்போது ஏழாவது சிலிண்டர் அழுத்தப் பயணத்தின் பாதியில், மேல்முனைக்கு 90 பாகை இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உடைவதற்கு அதுவே போதும். இவ்விரண்டையும் தனித்தனிப் பிரிப்பான்களில் வைக்க வேண்டும். குறுக்கே போகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட வேண்டும்.

பொருத்திய பின்

தொப்பியின் உள்ளே சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அது பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கொள்ளாது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், எஞ்சின் ஆறிய பிறகு தொப்பியைப் பிடித்துச் சற்றுத் திருகி எடுக்க வேண்டும். சூட்டில் இறுகிய தொப்பியை நேராக இழுத்தால் உள்முனை பிளக்கிலேயே தங்கி, ரப்பர் மட்டும் கையோடு வரும். ஹெடரின் கேஸ்கெட் முதல் சில சூடாறல்களில் அமுங்குவதால் அதன் போல்ட்டுகளை மறுபடி இறுக்க நேரும். அங்கே புகை கசிந்தால் அந்தத் தீநாக்கு நேரே பக்கத்து பிளக் தொப்பியின் மேல்தான் பாயும். போல்ட் இறுக்கும் அன்றே எட்டு வயர்களையும் விரலால் தடவி, பளபளப்போ விறைப்போ தெரிகிற இடத்தில் கவ்வியை நகர்த்திவிடலாம்.